கமிஷன் இல்லாத ஏலத் தளத்துக்கு மொத்தமாக மாறிவிடலாமா?

வாசகர் கேள்வி: பழைய தபால் தலை, படத் தபால் அட்டை, நாணயம் இவற்றை ஒன்பது வருடமாக ஒரு பெரிய ஏலத் தளத்தில் விற்கிறேன். முழுநேரத் தொழிலே இதுதான். கமிஷன் ஏறிக்கொண்டே போகிறது. விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு சதவீதம் தந்தால்தான் பொருள் யார் கண்ணிலாவது படுகிறது. போன மாதம் ஒருவர் தபால் தலையை வாங்கிவிட்டு, 'படத்தில் இருந்தது போல இல்லை' என்று புகார் செய்து, அதே தலையின் மட்டமான வேறொரு பிரதியைத் திருப்பி அனுப்பினார். தளம் அவர் பக்கமே நின்றது. பணமும் போயிற்று, பொருளும் போயிற்று. எங்கள் விற்பனையாளர் குழுவில் பாதிப் பேர் கமிஷனே வாங்காத ஒரு புதிய ஏலத் தளத்துக்குப் போகிறார்கள். நானும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடலாமா? இல்லை, சொந்தமாக ஒரு இணையக் கடை போடுவதுதான் நல்லதா? கையில் சுமார் 4,000 உருப்படிகள் இருக்கின்றன.

பதில்: போகலாம். ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்தப் புதிய தளத்துக்கு ஏலப் பொருள் எதையும் இப்போதைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

இணையத்தில் விற்பவர்களுக்குக் கணக்கும் ஆலோசனையும் பார்ப்பது என் வேலை. கமிஷன் ஏறும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி என்னிடம் வரும். கேட்கிறவர்கள் எல்லோரும் கமிஷனைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கமிஷன் எதை வாங்கித் தருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அது உங்களுக்கு வாங்கித் தருவது கூட்டத்தை. தேடுபொறி, பணம் வசூலிக்கும் வசதி, பார்சல் லேபிள் எல்லாம் இன்று எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். கூட்டம் கிடைக்காது. ஆகவே உங்கள் 4,000 உருப்படிகளில் எதற்குக் கூட்டம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரிப்பதுதான் முதல் வேலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்களிடம் ஒரு அட்டை இருக்கிறது. ஏலத்தை 10-ல் ஆரம்பிக்கிறீர்கள். அதற்கு 100 வரை தரத் தயாராக ஒருவர் இருக்கிறார், 40 வரை தரத் தயாராக இன்னொருவர் இருக்கிறார். ஏலம் எங்கே முடியும்? 100-ல் முடியாது, 41-ல் முடியும். முதலாமவர் இரண்டாமவரைத் தாண்டினால் போதும், அதற்கு மேல் ஒரு காசு தர அவருக்கு அவசியமில்லை. ஏலத்தில் விலையை முடிவு செய்பவர் தோற்றுப்போகிற அந்த இரண்டாவது ஆள்தான். 13 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குக் கழிவது ஐந்தரைக்குள். கையில் நிற்பது 35-க்கும் கொஞ்சம் மேலே.

இதே அட்டை கமிஷன் இல்லாத புதிய தளத்தில் இருக்கிறது. அதிர்ஷ்டவசமாக அந்த 100 தரத் தயாரான ஆளே அங்கேயும் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஆள் வரவில்லை. அவர் 10 என்று கேட்கிறார், ஏலம் முடிகிறது, 10-க்கு வாங்கிப் போகிறார். கமிஷன் பூஜ்யம்தான். ஐந்தரையை மிச்சம் பிடிக்கப் போய் முப்பத்தொன்றை விட்டுவிட்டீர்கள். 'ஆரம்ப விலையை 60 என்று வைத்தால்?' என்று கேட்பீர்கள். வைக்கலாம், அவர் 60-க்கு எடுத்துக்கொள்வார். ஆனால் அது ஏலமா? ஒரே ஆள், ஒரே விலை. விலைச் சீட்டு ஒட்டி விற்றது போலத்தான். ஏலம் கேட்கக் குறைந்தது இரண்டு பேர் வராத இடத்தில் ஏலம் போடுவதற்கு அர்த்தமே இல்லை. நேரடியாக விலை போட்டு வைத்துவிட்டு, நாள் கெடு இல்லாமல் காத்திருக்கலாம்.

உங்கள் நண்பர்கள் போகும் தளத்தைப் பற்றி எனக்குத் தனியாக எந்த அபிப்பிராயமும் இல்லை. விற்பவர்கள் கூட்டமாக ஓரிடத்துக்குப் போனால் சேர்வது சரக்குதான், வாங்குபவர்கள் சேர்வதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். போன முதல் மாதத்தில் ஒருவர் பொருளை ஒருவர் வாங்கிக்கொள்வார்கள், கொஞ்சம் உற்சாகமாகவும் இருக்கும். அப்புறம் அடங்கிவிடும்.

இது இன்று நேற்று நடப்பதல்ல. 1995-ல் பியர் ஒமிடியார் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் ஆரம்பித்த தளம்தான் பிற்பாடு ஈபே ஆனது. அதில் முதலில் விற்றது வேலை செய்யாத ஒரு லேசர் சுட்டி. போன விலை 14.83 டாலர். உடைந்த சுட்டி என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று ஒமிடியார் கேட்டபோது, உடைந்த சுட்டிகளைச் சேகரிப்பதாக வாங்கியவர் சொன்னாராம். இப்படிப்பட்ட ஆளை உங்கள் பொருளோடு சேர்த்து வைக்கத்தான் பெரிய கூட்டம் வேண்டியிருக்கிறது.

அந்தக் கூட்டத்தைப் பிரிக்க வந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. யாஹூ 1998-ல் ஏலம் தொடங்கியது, பட்டியலிடக் கட்டணம் கிடையாது. அமேசான் 1999-ல் வந்தது. 2001-ல் யாஹூ கட்டணம் வைத்ததும் அங்கிருந்த பட்டியல்கள் சரசரவென்று குறைந்தன. 2005-ல் மறுபடி இலவசமாக்கிப் பார்த்தார்கள், 2007-ல் அமெரிக்க ஏலத்தையே மூடிவிட்டார்கள். அத்தனை பேர் தினமும் வந்துபோன ஒரு தளத்துக்கே இலவசம் கைகொடுக்கவில்லை. ஜப்பானில் கதை தலைகீழ். அங்கே யாஹூ 1999-ல் முந்திக்கொண்டது, ஈபே 2000-ல் வந்து 2002-ல் திரும்பிப் போய்விட்டது. சீனாவில் 2003-ல் தாவ்பாவ் என்ற தளம் விற்பவர்களிடம் கட்டணம் வாங்காமலே தொடங்கி ஈபேயைப் பின்னுக்குத் தள்ளியது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் வருடக்கணக்கில் நஷ்டம் தாங்க அதன் தாய் நிறுவனமான அலிபாபா இருந்தது. இணையத்தில் வாங்கும் பழக்கமே அங்கே அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. உங்கள் நண்பர்களின் தளத்தில் யார் நஷ்டத்தைத் தாங்குகிறார்கள், எத்தனை காலத்துக்கு என்று விசாரியுங்கள். கமிஷன் வாங்காதவர் எங்கிருந்து சம்பாதிக்கிறார் என்பதற்குப் பதில் இல்லையென்றால், அந்தத் தளம் மூடப்படும் நாளில் உங்கள் படங்களும் விவரணைகளும் அதோடு போய்விடும்.

மொத்தமாக வெளியேறி எதிர்ப்பைக் காட்டலாம் என்ற எண்ணமும் உங்கள் குழுவில் ஓடுகிறது போலிருக்கிறது. 2008 பிப்ரவரியில் ஈபே விற்பனையாளர்கள் கட்டண மாற்றத்தையும், வாங்குபவர்களுக்கு எதிராக மோசமான ரேட்டிங் போடும் உரிமையைப் பறித்ததையும் கண்டித்துப் பொருட்களை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ரேட்டிங் மாற்றம் அந்த வருடம் மே மாதம் நடைமுறைக்கு வந்தே விட்டது. 2022 ஏப்ரலில் கைவினைப் பொருளும் பழம்பொருளும் விற்கும் எட்சி தளம் 5 சதவீதமாக இருந்த கட்டணத்தை 6.5 ஆக்கியபோது அங்கேயும் வேலைநிறுத்தம் நடந்தது. கட்டணம் இறங்கவில்லை. கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை நம்பி ஒரு மாத வருமானத்தை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் சரக்குக்கு வருவோம். முதலில் தளம் எவ்வளவு காலத்துக்குத் தருகிறதோ அவ்வளவு விற்பனை அறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏலத்துக்கும் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை மட்டும் பாருங்கள். எத்தனை முறை கேட்டார்கள் என்பதைப் பார்க்காதீர்கள். ஒரே ஆள் ஆறு முறை தொகையை ஏற்றியிருப்பார், அது கூட்டம் ஆகாது. ஒருவர் மட்டுமே கேட்டு முடிந்தவை பெரும்பகுதி இருக்கும் என்பது என் ஊகம். பழம்பொருள் விற்பவர்கள் கணக்கில் நான் வழக்கமாகப் பார்ப்பது அதுதான். அந்தப் பகுதி ஏலத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவையெல்லாம் விலை போட்டு விற்கவேண்டியவை. வெளியே கொண்டுபோகவும் தகுந்தவை. ஈபேயிலேயே ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் ஏலமாக இருந்தது, இப்போது பெரும்பாலும் நிலையான விலை என்று மாறிவிட்டது.

மூன்று பேருக்கு மேல் மோதிய பொருட்களை அங்கேயே விடுங்கள். எப்படிப்பட்டவை மோதலை உண்டாக்குகின்றன என்று கவனித்தால் உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும். ஒரு சிறு ரயில் நிலையத்தின் பழைய அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் சேகரிப்பவர் ஒருவர், அந்த ஊர்க்காரர் ஒருவர், இரண்டு பேரும் படத்துக்காக வருவார்கள். பின்பக்கம் அந்த நிலையத்துத் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால், படத்தைப் பற்றிக் கவலையே படாத மூன்றாவது ஆள் முத்திரைக்காக வருவார். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டு, செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதிய காலத்து அட்டை என்றால் அதற்கென்றே தேடுகிறவர்கள் உண்டு. பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் செய்தி எழுத பிரிட்டன் 1902-லும் அமெரிக்கா 1907-லும்தான் அனுமதித்தன. இந்த நாலு பேரும் ஒரே வாரத்தில் ஒரே அட்டையைப் பார்க்க வேண்டுமானால் பெரிய தளம் வேண்டும், அதற்கு 13 சதவீதம் கொடுத்தாலும் தகும். அப்படிப்பட்ட அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுக்காமல் விடுவதுதான் கமிஷனைவிடப் பெரிய நஷ்டம்.

மற்ற சரக்குக்குத்தான் மாற்றுத் தளங்கள். ஈபே போலவே எல்லாம் விற்கும் இன்னொரு தளத்தைத் தேடாதீர்கள். ஒரே துறைக்கான தளத்தைத் தேடுங்கள். அங்கே மொத்தக் கூட்டம் சிறியது, ஆனால் வந்திருப்பவர் எல்லோரும் உங்கள் ஆட்கள். உங்கள் துறைக்கு டெல்காம்ப் இருக்கிறது. பெல்ஜியத்தில் தொடங்கியது, தபால் தலை, அட்டை, நாணயம் சேகரிப்பவர்களுக்கென்றே நடப்பது, ஏலமும் உண்டு, நிலையான விலையும் உண்டு. தபால் தலைக்கு ஹிப்ஸ்டாம்ப் இருக்கிறது. இசைத்தட்டு விற்பவர் டிஸ்காக்ஸுக்கும், பழைய புத்தகம் விற்பவர் ஏப்புக்ஸுக்கும், இசைக்கருவி விற்பவர் ரிவெர்புக்கும் போவது இதே காரணத்துக்காகத்தான். கட்டாவிக்கி கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே துறை நிபுணர் ஒருவர் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் பொருள் ஏலத்துக்கே வரும். வாங்குபவரிடமும் ஒரு கட்டணம் வாங்குவார்கள், அதைக் கணித்துத்தான் அவர் தொகை கேட்பார் என்பதை மறக்காதீர்கள். எட்சியில் 20 வருடத்துக்கு மேல் பழையதான பொருட்களுக்கு இடமுண்டு. அட்டைகளைப் பரிசாகவும் சுவரில் மாட்டவும் வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு முத்திரை முக்கியமில்லை, படம் அழகாக இருந்தால் போதும். சேகரிப்பவர் மூலை மடங்கியிருக்கிறது என்று ஒதுக்கும் அட்டையை அங்கே போட்டுப் பாருங்கள்.

உங்களிடம் உண்மையிலேயே அரிதான தபால் தலை ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை எந்தத் தளத்திலும் போடாமல், அசல்தான் என்று சான்றிதழ் வாங்கி, தபால் தலைக்கென்றே உள்ள ஏல நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பதைப் பற்றியும் யோசியுங்கள்.

புதிய இடத்தில் முதல் சில மாதம் விலை குறையும். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஒன்பது வருட ரேட்டிங் அங்கே செல்லாது. அதன் மதிப்பு என்ன என்பதை உங்கள் துறையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பால் ரெஸ்னிக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள ஒரு விற்பனையாளர் ஒரே தரமான பழைய படத் தபால் அட்டைகளைத் தன் பழைய கணக்கிலும், புதிதாகத் திறந்த கணக்குகளிலும் ஈபேயில் விற்றார். பழைய கணக்குக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் அதிகம் தரத் தயாராக இருந்தார்கள். புதிய இடத்துக் கமிஷன் இப்போதையதைவிட ஐந்து சதவீதம் குறைவு என்று மகிழ்வதற்கு முன்னால் இந்த எட்டையும் கழித்துப் பாருங்கள். இந்தக் கழிவு நிரந்தரமில்லை. அங்கேயும் ரேட்டிங் ஏறும். அதனால்தான் முதலில் விலை குறைந்த, பிரச்சினை வராத அட்டைகளை நிறையப் போட்டு, வேகமாக அனுப்பி, பெயர் சேர்த்துக்கொண்டு பிறகு நல்ல பொருட்களைக் கொண்டுபோகச் சொல்கிறேன்.

சொந்தக் கடையைப் பற்றி. ஷாப்பிஃபையோ வூகாமர்ஸோ வைத்து ஒரு வார இறுதியில் கடை திறந்துவிடலாம், அதில் கஷ்டம் எதுவும் இல்லை. யாரும் வரமாட்டார்கள், அதுதான் கஷ்டம். விளம்பரம் கொடுத்து ஆளைக் கூப்பிட்டால் ஒரு விற்பனைக்கு ஆகும் செலவு பல நேரம் கமிஷனைத் தாண்டிவிடும். ஒரே ஒரு பிரதி இருக்கும் அட்டைக்கு விளம்பரம் செய்வது இன்னும் அபத்தம், விற்றதும் விளம்பரம் வீண். தளம் இதுவரை உங்களுக்காகச் செய்துவந்த சில வேலைகளும் உங்கள் தலையில் விழும். பல நாடுகளில் விற்பனை வரியைத் தளமே பிடித்துக் கட்டிவிடுகிறது. சொந்தக் கடையில் அது உங்கள் பொறுப்பு. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் நீங்கள் என்பதால், கடை திறப்பதற்கு முன்பே வரிக் கணக்காளரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கார்டில் பணம் கட்டியவர் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்டால் வங்கியோடு மல்லுக்கட்டுவதும் நீங்கள்தான். பல சமயம் 120 நாள் வரை அவருக்கு அவகாசம் உண்டு. தளத்தின் நியாயமற்ற தீர்ப்பிலிருந்து தப்பிக்கத்தான் சொந்தக் கடை என்று நினைத்தால், வங்கியின் தீர்ப்பு அதைவிடக் கனிவாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் சொந்தக் கடை வேண்டாமா? வேண்டும், ஆனால் புது ஆட்களைப் பிடிக்க அல்ல. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக. தபால் தலை சேகரிப்பவர் ஒரு தலையோடு நிற்க மாட்டார், தொடரில் விடுபட்டதைத் தேடிக்கொண்டே இருப்பார். உங்களுக்கும் அப்படி முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அவர்கள் வாங்கும் பொருளுக்குக் கூட்டம் தேவையே இல்லை. 'இந்த நாட்டின் 1930-களின் தலைகள் புதிதாக வந்திருக்கின்றன' என்று ஒரு மின்னஞ்சல் போதும். உங்கள் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கி, விலை போட்ட சரக்கை அங்கே வைத்து, மின்னஞ்சல் பட்டியலில் சேர விரும்புகிறவர்கள் தாங்களாகவே சேரும்படி ஒரு படிவம் வையுங்கள்.

அந்தப் பட்டியலை எப்படிச் சேர்ப்பது என்பதில் மட்டும் ஜாக்கிரதை. ஏலத் தளத்தில் வாங்கியவருக்கு 'அடுத்த முறை நேராக என்னிடமே வாங்குங்கள், கமிஷன் மிச்சம்' என்று எழுதினால் அது கட்டண ஏய்ப்பு, கணக்கையே முடக்கிவிடுவார்கள். பார்சலுக்காக வந்த முகவரியையும் மின்னஞ்சலையும் விளம்பரப் பட்டியலில் ஏற்றுவது தளத்தின் விதிக்கு விரோதம், பல நாடுகளில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் விரோதம். பார்சலுக்குள் என்ன சீட்டு வைக்கலாம் என்பதைத் தளத்தின் இப்போதைய விதியில் ஒரு முறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாதுகாப்பான வழி வெளியே கிடைக்கிறது. சேகரிப்பாளர் சங்கங்கள், கண்காட்சிகள், நீங்கள் எழுதும் ஒரு நல்ல கட்டுரை இவற்றின் வழியாக உங்கள் பெயரைத் தேடி வருகிறவர் உங்கள் வாடிக்கையாளர்தான். ஒரு முத்திரையை எப்படி வாசிப்பது என்று நாலு பக்கம் எழுதி உங்கள் கடையில் போட்டால், அதைத் தேடுகிறவர் சரியான ஆளாகத்தான் இருப்பார்.

நடைமுறையில் சிக்கல் வரும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் சரக்கு ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. அதே அட்டையை மூன்று தளங்களில் போட்டு வைத்து, இரண்டில் ஒரே இரவில் விற்றுப்போனால் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். ரத்து செய்வது ரேட்டிங்கைக் கடிக்கும். ஸ்டாக்கை எல்லா இடத்திலும் சேர்த்துக் குறைக்கும் மென்பொருள்கள் உண்டு, நிலையான விலைக்கு அவை ஓரளவு போதும். ஏலத்துக்குப் போதாது. ஒருவர் கேட்டுவிட்ட ஏலத்தை நடுவில் எளிதாக இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு பொருள் ஓரிடத்தில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டை உறையின் மேலும் ஒரு எண், அந்த எண் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று ஒரு விரிதாள், இவ்வளவு போதும். படங்களும் விவரணைகளும் உங்கள் கணினியில் அதே எண்ணோடு இருக்கட்டும், தளத்தில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கணக்கு ஒருநாள் காரணம் சொல்லாமல் முடக்கப்பட்டாலும் 4,000 உருப்படிகளை முதலிலிருந்து படம் எடுக்க வேண்டியிருக்காது.

எவ்வளவு வேகமாக மாறுவது? முதலில் ஒருவர் மட்டுமே கேட்ட வகையிலிருந்து 300 உருப்படிகளை ஒரு துறைத் தளத்துக்குக் கொண்டுபோங்கள். ஆறு மாதம் பாருங்கள். கணக்கில் கமிஷனை மட்டும் எழுதாமல், பணம் பரிமாற்றக் கட்டணம், திரும்பி வந்தவை, கேள்விகளுக்குப் பதில் எழுதிய நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு பொருளுக்குக் கையில் நின்ற தொகை பழைய தளத்துக்குச் சமமாக வந்தாலே அடுத்த 300-ஐ நகர்த்தலாம், ஒரே இடத்தை நம்பியிருக்கும் ஆபத்து அந்த அளவுக்குக் குறைகிறதே.

மாற்றி அனுப்பிய ஆள் விஷயம் எந்தத் தளத்துக்குப் போனாலும் கூடவே வரும், அதனால் அதற்கும் ஒரு வார்த்தை. பயன்படுத்திய தபால் தலை ஒவ்வொன்றிலும் முத்திரை விழுந்த இடமும் கோணமும் வேறு. ஓரத்துப் பற்களில் எது குட்டை, எது கிழிந்தது, படம் எந்தப் பக்கம் ஒதுங்கி அச்சாகியிருக்கிறது என்பதும் பிரதிக்குப் பிரதி மாறும். விலை கூடிய ஒவ்வொரு தலையையும் இரண்டு பக்கமும் உயர்ந்த தெளிவில், கறுப்புப் பின்னணியில் ஸ்கேன் செய்யுங்கள். பற்கள் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். அந்தப் படத்தையே விற்பனைப் பக்கத்திலும் போடுங்கள். திரும்பி வந்ததை அதே ஸ்கேனரில் வைத்து எடுத்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, வேறுபடும் மூன்று இடங்களை வட்டம் போட்டு அனுப்பினால் எந்த ஊழியருக்கும் ஒரு நிமிடத்தில் புரியும். போன மாதம் வந்த அந்த மட்டமான பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இன்னும் முடியவில்லையென்றால், உங்களிடமிருக்கும் பழைய படத்தோடு அதை ஒப்பிட்டு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.